சிதைந்த அலையாத்தி நிலத்தை மீட்பது எப்படி? நாற்றுக்கு முன் வாய்க்கால்

காவிரிப் படுகையின் கடலோரத்தில், பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும், மரம் இழந்து வெறுமையாகக் கிடந்த சதுப்பு நிலங்களை மீண்டும் காடாக்கிய வேலை நாற்று நடுவதில் தொடங்கவில்லை. நிலம் ஏன் வெறுமையானது என்று கேட்பதில் தொடங்கி, வாய்க்கால் வெட்டுவதில் வளர்ந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாடு வனத்துறையோடும் கரையோரக் கிராம மக்களோடும் சேர்ந்து 1990களில் செய்து பார்த்த முறை அது. தங்கள் ஊரின் கழிமுகத்திலோ காயலோரத்திலோ சிதைந்த அலையாத்தி (மாங்குரோவ்) நிலத்தை மீட்க விரும்பும் கிராமக் குழுக்களும் கல்லூரி மாணவர் அமைப்புகளும் அந்த முறையை எந்த வரிசையில் கைக்கொள்ள வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

நோயைத் தெரிந்துகொள்ளாமல் மருந்துக்குப் போக முடியாது என்பதால், இந்தக் காடுகள் எப்படி அழிந்தன என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆங்கிலேயர் ஆட்சியில் தொடங்கி 1970கள் வரை, இந்தக் காடுகளில் கூப்பு முறையில் மரம் வெட்டப்பட்டது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முறைவைத்து முற்றாக வெட்டினால், வெட்டிய இடம் தானே முளைத்துவிடும் என்பது அன்றைய கணக்கு. வெட்டிய இடத்தில் நடந்தது வேறு. நிழல் போனதும் சேற்று மண்ணின் ஈரம் வெயிலில் ஆவியாயிற்று. மண் சுருங்கி, நிலம் அமிழ்ந்து, நடுவில் பள்ளமானது. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) உள்ளே ஏறிய கடல்நீர் வற்றின்போது (நீர் இறங்கும் நேரம்) திரும்பி வெளியேற வழியில்லாமல் அந்தப் பள்ளத்திலேயே தேங்கிக் காய்ந்தது. ஒவ்வொரு ஓதமும் தன் பங்குக்கு உப்பை விட்டுச் சென்றதால், எந்த விதையும் வேர்பிடிக்க முடியாத அளவுக்கு மண்ணின் உப்பு ஏறியது. ஆடு மாடு மேய்ந்ததும் விறகு வெட்டியதும் காட்டைக் கெடுத்தன என்று நெடுங்காலம் மக்கள் மீது மட்டுமே பழி சுமத்தப்பட்டு வந்தது. மேய்ச்சலுக்கும் பங்கு உண்டு. ஆனால் மூல காரணம் தேங்கிய நீர்தான்.

இது விளங்கிவிட்டால் மீட்பு முறையும் விளங்கிவிடும். தேங்கும் நீருக்கு வழிவிட வேண்டும்; ஏறுகிற ஓதம் எளிதாக உள்ளே வந்து, இறங்குகிற ஓதத்தோடு உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேற வேண்டும். மரம் அதற்குப் பிறகு.

தொடங்கும் முன்

முதலில் நிலம் யாருடையது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் அலையாத்திப் பரப்பில் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கே வனத்துறையின் அனுமதி இல்லாமல், நல்ல நோக்கத்தோடு ஆயினும், மண்வெட்டி வைப்பது குற்றம். புறம்போக்காக இருந்தால் வருவாய்த் துறையையும் ஊராட்சியையும் அணுக வேண்டும். 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அலையாத்திக் காடுகளை மிக உயர்ந்த பாதுகாப்புடைய முதல் வகையில் வைத்திருக்கிறது. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட காடென்றால் அதைச் சுற்றி 50 மீட்டர் இடைப்பகுதியும் பாதுகாக்கப்பட வேண்டும். முத்துப்பேட்டைக் காடு கோடியக்கரையோடு சேர்ந்து 2002 முதலும், பிச்சாவரம் 2022 முதலும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே கடிதமும் வரைபடமும் கையில் இல்லாமல் களத்தில் இறங்க வேண்டாம்.

இரண்டாவது, நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் முன்பு அலையாத்தி இருந்ததா என்பதை உறுதி செய்ய வேண்டும். ஊரிலுள்ள முதிய மீனவர்களிடம் கேளுங்கள். பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். சேற்றுக்குள் மக்காமல் கிடக்கும் பழைய அடிக்கட்டைகளைத் தேடுங்கள். எந்தக் காலத்திலும் மரம் இல்லாத சேற்றுத் திடலாக அது இருந்திருந்தால் விட்டுவிடுவதே சரி. வலசை வரும் உள்ளான்களும் பூநாரைகளும் இரை தேடுவது அத்தகைய திறந்த திடல்களில்தான். கடற்புல் படுகைகளும் அப்படியே தனி வாழிடங்கள். வெறுமையாகத் தெரிகிற எல்லா இடத்தையும் பச்சையாக்கிவிட வேண்டும் என்ற ஆவல், ஒரு வாழிடத்தை அழித்து மற்றொன்றை அரைகுறையாக உருவாக்குவதில் போய் முடியும். அலையாத்தி நாள் கொண்டாட்டங்களில் ஒரே நாளில் இத்தனை ஆயிரம் நாற்று என்று கணக்குக் காட்டுவதற்காகக் காயலின் தாழ்ந்த சேற்றில் வரிசையாகக் குச்சி நடுவதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சராசரிக் கடல்மட்டத்துக்குக் கீழே, நாளின் பெரும்பகுதி நீரில் மூழ்கும் இடத்தில் அலையாத்தி வாழாது. இயற்கையில் அது வளர்வது சராசரிக் கடல்மட்டத்துக்கும் மிக உயர்ந்த ஓத மட்டத்துக்கும் இடைப்பட்ட குறுகிய வரம்பில். மொத்த நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ நீர் நிற்கும் இடங்களில்.

இலங்கை இதற்குத் தெளிவான பாடம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அங்கே பல அமைப்புகள் சேர்ந்து 1,000 எக்டேருக்கும் மேல் அலையாத்தி நட்டன. பின்னர் 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, அவற்றில் 200 முதல் 220 எக்டேர் வரை மட்டுமே தேறியதாகவும், ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை என்றும் தெரிவித்தது. பொருந்தாத நிலமட்டமும் பொருந்தாத இனத் தேர்வும் நட்டபின் பார்த்துக்கொள்ள ஆளில்லாமையும் முதன்மைக் காரணங்கள்.

மட்டம் பார்த்தல்

இந்த வேலையின் உயிர்நிலை மட்டம் பார்ப்பதுதான் என்பதால் இதில் மட்டும் அவசரம் கூடாது. வங்கக் கடலின் நமது கரையில் அமாவாசை, பௌர்ணமி ஓதங்களிலும்கூட ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையிலான உயரம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே கால் சாண் தவறினாலும் நீர் ஏறாத மேடாகவோ வடியாத குட்டையாகவோ நிலம் மாறிவிடும்.

விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் எனப்படும் ஒளிபுகும் நீர்க்குழாய் போதும். அருகிலுள்ள இயற்கை ஓடையின் கரையில் அசையாத ஒரு கம்பத்தை ஊன்றி, அதில் ஒரு குறியிட்டு, அதையே எல்லா அளவுகளுக்கும் ஆதாரமாகக் கொள்ளுங்கள். அங்கிருந்து நிலத்துக்குள் நேர்கோடுகளாகச் சென்று, குறித்த இடைவெளியில் முளைக்குச்சிகளை அடித்து, ஒவ்வொன்றின் அடியிலும் நிலம் ஆதாரக் குறிக்கு எத்தனை சென்டிமீட்டர் கீழே என்று பதிவு செய்யுங்கள். பரந்த இடமானால் ஓதத்தையே அளவுகோலாக்கலாம்: உயர் ஓதத்தில் நீர் ஏறி அசைவற்று நிற்கும் சில நிமிடங்களில், ஆளுக்குச் சில குச்சிகளாகப் பிரித்துக்கொண்டு ஒரே நேரத்தில் நீரின் ஆழத்தை அளந்தால், நீர்ப்பரப்பு ஒரே மட்டம் என்பதால் நிலத்தின் மேடுபள்ளம் எண்களாகக் கிடைத்துவிடும். காற்று வீசும் நாளில் இதைச் செய்ய வேண்டாம். அலையும் காற்றுத் தள்ளலும் அளவைக் கெடுத்துவிடும்.

பலரும் தவறவிடுகிற ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கரையில் கடலின் சராசரி மட்டம் ஆண்டு முழுதும் ஒன்றாக இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உயர்ந்தும் மாசி, பங்குனியில் தாழ்ந்தும் காணப்படும். ஓதமே சிறியதாக உள்ள இந்தக் கரையில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. மழைக்காலத்தில் மட்டும் அளந்தவர் நிலம் முழுவதும் நீர் ஏறுகிறது என்று நினைப்பார். கோடையில் அதே நிலத்துக்கு மாதக் கணக்கில் ஒரு சொட்டுக் கடல்நீர் வராது. எனவே இரண்டு பருவத்திலும், ஒவ்வொன்றிலும் ஓர் அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டி அளவெடுக்க வேண்டும். நாகப்பட்டினம் போன்ற அருகிலுள்ள துறைமுகத்துக்கான ஓத அட்டவணை நாளைத் தேர்ந்தெடுக்க உதவும். ஆனால் கடலிலிருந்து ஓடை வழியாக நீர் உங்கள் நிலத்துக்கு வந்துசேரப் பிடிக்கும் நேரத்தை நீங்களே பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மட்டத்தோடு உப்பையும் அளக்க வேண்டும். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, ஊறிவரும் நீரை, உப்பளவு காட்டும் கைக்கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் போதும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். மண்ணில் ஊறும் நீர் அதைப்போல் இருமடங்கைத் தாண்டினால், மிகுந்த உப்பைத் தாங்கும் அலையாத்தி மரமான வெண்கண்டலுக்கும் அங்கே வளர்வது கடினம். கருவி இல்லாவிட்டாலும் நிலமே காட்டிக்கொடுக்கும். கோடையில் வெள்ளையாக உப்புப் படியும் இடங்களும் உப்பு நிலத்துச் செடியான உமரி மட்டும் படர்ந்து கிடக்கும் இடங்களும் நீர் தேங்கிக் காய்கிற பள்ளங்கள் என்று கொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில் கழிமுகத்தையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். ஆற்றில் நன்னீர் வரத்துக் குறைந்த இடங்களில் கோடையில் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிடுவது வழக்கம். முகம் அடைபட்டிருந்தால் உள்ளே எத்தனை வாய்க்கால் வெட்டினாலும் பயனில்லை. முதலில் பேச வேண்டியது அதைத் திறந்துவைப்பது பற்றித்தான். அது ஒரு கிராமக் குழுவின் கைக்கு அடங்காத வேலை என்பதால், துறை அதிகாரிகளிடம் எடுத்துச் செல்ல உங்கள் அளவுகள் ஆதாரமாகும்.

வாய்க்கால் வெட்டுதல்

பிச்சாவரத்தில் கையாண்ட அமைப்பை மீன்முள் வடிவம் என்று அழைக்கிறார்கள். இயற்கை ஓடையிலிருந்து ஒரு முதன்மை வாய்க்கால் சிதைந்த நிலத்தின் நடுவே செல்லும். அதன் இரு பக்கமும் கிளை வாய்க்கால்கள் பிரிந்து பள்ளத்தின் மூலைமுடுக்குகளைத் தொடும். ஓடையோடு முதன்மை வாய்க்கால் சேருமிடமும், முதன்மையோடு கிளைகள் சேருமிடமும் செங்கோணமாக இல்லாமல் சாய்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் நீர் தடையின்றி ஏறி இறங்கும்; திருப்பத்தில் வண்டல் படிவதும் குறையும்.

வாய்க்காலின் குறுக்குவெட்டு மேலே அகன்றும் அடியில் குறுகியும் இருக்க வேண்டும். செங்குத்தான கரை சேற்று மண்ணில் ஒரு மழைக்குக்கூட நிற்காது. சரிவான கரைக்கு இன்னொரு பயனும் உண்டு: மிதந்துவரும் விதைகள் தங்கி வேர்விட, வெவ்வேறு உயரத்தில் ஈரமுள்ள இடம் அதில் கிடைக்கிறது. ஆழத்தை உங்கள் மட்டக் கணக்குதான் முடிவு செய்யும். வாய்க்காலின் அடி, உள்முனையிலிருந்து ஓடையை நோக்கிச் சீராகத் தாழ்ந்துகொண்டே செல்ல வேண்டும். ஓடையின் தாழ் ஓத மட்டத்துக்குக் கீழே ஆழப்படுத்தினால், வற்றிலும் வடியாத நீர் அங்கேயே நிற்கும், வண்டலும் விரைவில் படியும். ஆழமாக வெட்டினால் நல்லது என்ற எண்ணம் குளத்துக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

தோண்டிய மண்ணை என்ன செய்வது என்பதைத் தோண்டும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கரையோரமாகத் தொடர்ந்து உயர்த்திக் குவித்தால், நிலத்துக்குள் நீர் பரவுவதை அந்தக் கரையே தடுத்துவிடும். கடலின் ஓதம் எட்டாத உயரத்தில் சீமைக் கருவேலம் வந்து குடியேறவும் அது இடம் கொடுக்கும். சதுப்பு மண்ணில் கந்தகச் சேர்மங்கள் இருப்பதால், நெடுநாள் காற்றுபடக் குவிந்து கிடக்கும் மண் அமிலமாக மாறுவதும் உண்டு. தாழ்வான திட்டுகளாகப் பரப்பி, இடையிடையே நீர் புக இடைவெளி விடுவதே நன்று.

வெட்டுவதற்கு ஏற்ற காலம் சித்திரையிலிருந்து ஆவணி வரை. சேறு ஓரளவு இறுகியிருக்கும். ஆட்கள் நின்று வேலை செய்யலாம். அதன்பின் வரும் வடகிழக்குப் பருவமழை முதல் ஆண்டின் உப்பைக் கழுவிக் கொடுக்கும். பொக்லைன் எந்திரம் கொண்டுவருவது விரைவானதுதான் என்றாலும், அது உள்ளே போய்வரும் பாதை மண்ணை அழுத்தி இன்னொரு பள்ளத்தை உண்டாக்கிவிடும். சிறு பரப்புக்கு மண்வெட்டியே போதும். கூலியும் ஊரிலேயே தங்கும்.

முதல் வாய்க்காலை மட்டும் வெட்டி, அடுத்த அமாவாசை ஓதத்தில் நீர் எங்கே வரை போகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்த்தபின் கிளைகளுக்குப் போவது செலவை மிச்சப்படுத்தும். காகிதத்தில் வரைந்த கோட்டைவிட நீர் தானாகத் தேடிச் செல்லும் கோடு பெரும்பாலும் சரியாக இருக்கும். அதன் பின்னால் போய்க் கிளையின் இடத்தை மாற்றிக்கொள்ளத் தயங்க வேண்டாம். முத்துப்பேட்டைப் பகுதியில் மீன்பிடிப்பதற்காக மக்கள் தலைமுறையாக வாய்க்கால் வெட்டி வந்திருக்கிறார்கள். வற்றின்போது வடியும் நீரில் மீனும் இறாலும் பிடிபடும். எங்கே வெட்டினால் நீர் ஓடும் என்பது அவர்களுக்குத் தெரியும். வரைபடத்தை முடிவு செய்யும் கூட்டத்துக்கு அவர்கள் கட்டாயம் வரவேண்டும்.

விதையும் நாற்றும்

வாய்க்கால் முடிந்த உடனே நாற்றுப் பையோடு ஓடாதீர்கள். அருகில் தாய்மரங்கள் இருந்தால் முதல் மழைக்காலத்தில் நீரே விதைகளைக் கொண்டுவரும். வெண்கண்டலின் விதை மரத்திலேயே கரு வளர்ந்த நிலையில் மழைக்காலத்தை ஒட்டி உதிர்ந்து, மேல்தோல் கழன்று, மிதந்து வந்து கரையில் ஒதுங்கும். சில நாட்கள் நீர் அலைக்கழிக்காமல் இருந்தால் வேர் ஊன்றிவிடும். அப்படி முளைத்த செடிகள் தங்களுக்கு ஏற்ற உயரத்தைத் தாங்களே தேர்ந்துகொண்டவை என்பதால், நட்ட செடிகளைவிட நன்றாக நிலைக்கும். உயரமான திட்டுகளிலும் விதை எட்டாத உள்பகுதிகளிலும் மட்டும் நீங்கள் நடலாம்.

வெண்கண்டல் விதைகளைத் தாய்மரத்தின் கீழிருந்து சேகரித்து, ஓரிரு நாள் நீரில் ஊறவைத்து மேல்தோலை நீக்கி, சேற்றில் லேசாக அழுத்தி ஊன்றினால் போதும். சுரபுன்னை என்னும் இன்னொரு அலையாத்தி மரத்தில், மரத்திலேயே முளைத்துத் தொங்கும் நீண்ட முளைக்குருத்தை மரத்திலிருந்து பிடுங்கக் கூடாது. காய்க்கும் குருத்துக்கும் இடையே மஞ்சளாகவோ சிவப்பாகவோ கழுத்துப் பட்டை தெரிந்தால்தான் அது முதிர்ந்தது. அதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சேற்றில் நேராக ஊன்ற வேண்டும். நண்டுகளின் தொல்லை மிகுந்த இடங்களில், ஊன்றும் முன் சில நாள் நிழலில் வாடவிட்டால் நண்டுகள் அவற்றை அவ்வளவாகத் தொடா.

இனத் தேர்வில் எல்லோரும் சுரபுன்னையையே நாடுகிறார்கள். பெரிய விதை, எளிய வேலை, படத்துக்கும் அழகு. ஆனால் அதற்கு ஓடையோரத்து ஈரமும் மிதமான உப்பும் வேண்டும். மீட்கப்படும் நிலத்தின் உள்பகுதிக்கு வெண்கண்டல்தான் முன்னோடி. முத்துப்பேட்டைக் காட்டில் மிகப் பெரும்பான்மை அதுதான். வாய்க்காலின் ஓரங்களில் நரிக்கண்டலும், ஓதம் அரிதாக எட்டும் நிலப்பக்கத்து மேட்டில் தில்லையும் பொருந்தும். பிச்சாவரத்தில் முன்பு இருந்து இன்று அற்றுப்போன சொன்னரேசியா, கண்டேலியா போன்ற நன்னீர் வேண்டும் இனங்களைத் திரும்பக் கொண்டுவரும் ஆசை நியாயமானதே. காவிரியின் நன்னீர் கழிமுகம் வரை வந்த காலத்து இனங்கள் அவை. அந்த நீர் வராதவரை அவற்றுக்குப் பணம் செலவிட வேண்டாம்.

அடுத்து வரும் ஆண்டுகள்

வாய்க்கால்கள் தூரும், இதில் விலக்கு இல்லை. முதல் சில ஆண்டுகளில் ஒவ்வொரு கோடையிலும் கழிமுகப் பக்கத்திலிருந்து தொடங்கித் தூர்வார வேண்டும். திட்டச் செலவில் இதற்குப் பணம் ஒதுக்காமல் எல்லாவற்றையும் முதலாண்டிலேயே செலவழித்துவிடுவதால்தான் பல முயற்சிகள் மூன்றாம் ஆண்டில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. மரங்கள் அடர்ந்து வேர்கள் கரையைப் பிடித்த பிறகு, எல்லாக் கிளை வாய்க்கால்களையும் காப்பாற்ற வேண்டியதில்லை. முதன்மை வாய்க்கால் ஓடினால் போதும்.

இளஞ்செடிகளை ஆடு மாடுகளிடமிருந்து காப்பதற்கு வேலியைவிட ஊரின் உடன்பாடே வலுவானது. எந்தப் பகுதியில் எத்தனை ஆண்டு மேய்ச்சல் இல்லை, அதற்கு மாற்றாகக் கால்நடைகள் எங்கே போகும், வாய்க்காலில் மீன்பிடிக்கும் உரிமை யாருக்கு என்பவற்றைக் கிராமக் கூட்டத்தில் எழுதி முடிவு செய்யுங்கள். பிச்சாவரத்தில் கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்து வாழும் இருளர் குடும்பங்களைப் போல, அந்த நிலத்தையே நம்பியிருப்பவர்கள் அந்தக் கூட்டத்தில் பேசவில்லை என்றால் அந்த முடிவு காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

செடிகளைக் கம்பளம்போல் படியும் பாசி அழுத்தினாலோ, தண்டில் கொட்டலசு என்னும் ஓடுடைய சிறு கடலுயிர் ஒட்டி வளைத்தாலோ, அந்த இடம் மிகத் தாழ்வாக இருக்கிறது என்று பொருள். சுத்தம் செய்து அங்கேயே மீண்டும் நடுவதைவிட மட்டத்தைத் திரும்ப அளப்பது நல்லது. புயலுக்குப் பின்னும் அப்படியே. 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டைச் சாய்த்தது. அத்தகைய இடங்களில் விழுந்த மரங்களை உடனே அகற்றி நடுவதில் இறங்காமல், ஓடைகளை அடைத்துக் கிடக்கும் கிளைகளை மட்டும் நீக்கி நீரோட்டத்தைத் திறந்துவிட்டு, ஒரு விதைப் பருவம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

பதிவில் நட்ட எண்ணிக்கையை எழுதுவதால் எதுவும் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே முளைக்குச்சிகளின் அருகே ஊறுநீரின் உப்பு, தானே முளைத்த செடிகள், உயிரோடுள்ள நட்ட செடிகள் என மூன்றையும் எழுதி, ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் ஒரு படம் எடுத்து வையுங்கள். 1980களின் பிற்பகுதிக்கும் 2002க்கும் இடைப்பட்ட சுமார் 15 ஆண்டுகளில் பிச்சாவரத்தின் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின; உங்கள் ஊரின் சில ஏக்கருக்கும் கணக்குப் பார்க்க வேண்டிய காலம் அந்த அளவினது. இரண்டு கோடை கடந்தும் ஒரு பகுதியில் உப்புக் குறையவில்லை என்றால், அங்கே நடுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பகுதிக்கான கிளை வாய்க்காலின் மட்டத்தை ஓடையிலிருந்து மறுபடியும் அளந்துகொண்டு வாருங்கள்.